ஓவனில் பார்பிகியூ பன்றித் துண்டுகள்: மட்டக்களப்புக் குசினிக்கு ஒரு வழிகாட்டி

பன்றி இறைச்சியைக் கறியாக வைக்கத் தெரிந்தும், ஓவனைக் கேக்குக்காக மட்டுமே திறக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மட்டக்களப்பில் அப்படியான வீடுகள் ஏராளம். நத்தாருக்கு முன்னர் ஓவன் சூடாகும்; வருடப் பிறப்புக் கழிந்ததும் அதன்மேல் துணி விரித்து, துணியின்மேல் போத்தல்களை அடுக்கிவிடுவார்கள். அந்தப் பெட்டிக்குள் பார்பிகியூ பன்றித் துண்டுகளை மிக நன்றாகச் செய்யலாம். வெளியே கறுஞ்சிவப்பாக ஒட்டுகிற பூச்சு, உள்ளே கரண்டியால் அழுத்தினாலே பிரிகிற இறைச்சி, இரண்டுக்கும் நடுவில் உருகிப் பாதியாகிப்போன கொழுப்பு. இதற்கு ஒரு கிலோ இறைச்சியும், பெரும்பாலும் வீட்டிலேயே இருக்கும் சரக்குகளும், ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலும் போதும்.

அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியில் மாட்டின் நெஞ்சிறைச்சியை விறகுப் புகையில் பல மணிநேரம் வாட்டி விற்பார்கள். அதன் ஓரங்களில் கொழுப்பும் மசாலாவும் கூடிக் கருகலாக இறுகிப்போன துண்டுகள் இருக்கும். அவற்றைத் தனியே வெட்டிச் சாப்பிட்டவர்கள் அந்தச் சுவையை விடவில்லை; நாளடைவில் அதுவே தனி உணவாகிவிட்டது. பன்றியின் வயிற்றுப் பகுதியைச் சதுரங்களாக வெட்டி அதே முறையில் செய்வது பின்னாளில் வந்த பழக்கம். நாம் செய்யப் போவது அதன் வீட்டு வடிவம்.

கறி வைக்கத் தெரிந்த கைக்கு இதில் புதிதாகக் கற்க வேண்டியது ஒன்றுதான்: எதை எப்போது சேர்ப்பது என்ற வரிசை. உப்பு முதல் நாளே சேர வேண்டும். சூடு குறைவாகவும் நெடுநேரமும் இருக்க வேண்டும். இனிப்பு கடைசியில் வர வேண்டும். பார்பிகியூ என்றதும் பலர் இறைச்சியைச் சோஸில் ஊறவைத்து, 220 பாகைச் சூட்டில் தள்ளிவிடுகிறார்கள். சீனி அரைமணி நேரத்துக்குள் கரிந்து கசக்கும். உள்ளே இறைச்சி ரப்பராக இருக்கும். இந்த வரிசையை மாற்றாமல் இருந்தால், மசாலாவில் நீங்கள் என்ன கூட்டினாலும் குறைத்தாலும் பெரிதாகப் பிழைக்காது.

யார் உண்பார், யார் உண்ணார்

எங்கள் ஊரில் இதைச் சமைக்க முன்னரே யோசிக்க வேண்டும். பறங்கியர் வீடுகளிலும் கிறிஸ்தவ வீடுகளிலும் பன்றி இறைச்சி கொண்டாட்ட உணவு. சைவ வீடுகள் பலவற்றில் அது குசினிக்குள் வருவதே இல்லை. காத்தான்குடியிலோ ஏறாவூரிலோ இருந்து வரும் முஸ்லிம் நண்பருக்கு அது விலக்கப்பட்ட உணவு. ஆகவே விருந்தாளிகள் கலந்து வரும் நாளில் இதைச் செய்ய வேண்டாம் என்பதே என் கருத்து. ஒரே ஓவனில் கோழியையும் வைத்து, “உங்களுக்குக் கோழி இருக்கிறது” என்று சொல்வது மரியாதை ஆகாது. அந்தக் கோழி ஹலால் முறையில் அறுக்கப்பட்டதாகவே இருந்தாலும், தட்டும் கம்பியும் எண்ணெயும் பன்றியைத் தொட்டவை. பன்றிக்கென ஒரு தட்டு, ஒரு வெட்டுப்பலகை, ஒரு கத்தி என்று தனியாக வைத்துக்கொள்வது பல வீடுகளில் ஏற்கெனவே உள்ள வழக்கம்தான். அதை இதிலும் கைவிடாதீர்கள்.

இறைச்சி வாங்குதல்

இரண்டு பகுதிகள் இதற்கு ஏற்றவை. ஒன்று வயிற்றுப் பகுதி: தோல், கொழுப்பு, இறைச்சி என்று அடுக்கடுக்காக இருக்கும். மற்றது முன்னங்காலுக்கு மேலுள்ள தோள் பகுதி: கொழுப்பு சற்றுக் குறைவு, நார் அதிகம், விலையும் பெரும்பாலும் குறைவு. முதல் தடவை செய்கிறவர்கள் தோள் பகுதியை வாங்குங்கள் என்பேன். ஒரு கிலோ வயிற்றுப் பகுதியை நாலு பேரால் தின்று முடிக்க முடியாது, அவ்வளவு கொழுப்பு. தோள் பகுதியில் கொழுப்பும் இறைச்சியும் அளவாக இருக்கும். பின்தொடையும் முதுகு இறைச்சியும் வேண்டாம். அவற்றில் கொழுப்பு இல்லை, இந்த நீண்ட சூட்டில் காய்ந்துபோகும்.

கடையில் கறிக்கு வெட்டுவது போலச் சிறிதாக, எலும்போடு கொத்தித் தந்துவிடுவார்கள். அதற்கு முன்னரே சொல்லுங்கள்: “அண்ணா, எலும்பில்லாமல் ஒரே துண்டாகத் தாருங்கள். தோலை மட்டும் எடுத்துவிடுங்கள். வெட்டுவதை நான் பார்த்துக்கொள்கிறேன்.” தோலை எடுக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. குறைந்த சூட்டில் அது மொறுமொறுப்பாகாது. செருப்புத் தோல் போல இறுகி, மசாலா உள்ளே இறங்குவதையும் தடுத்துவிடும்.

நல்ல இறைச்சி இளஞ்சிவப்பாக, தொட்டால் ஈரமாக, ஆனால் வழுவழுப்பில்லாமல் இருக்கும். கொழுப்பு வெள்ளையாக இருக்க வேண்டும், மஞ்சளடித்திருந்தால் பழசு. வெட்டிய முகத்தில் அரிசிமணி அளவில் வெள்ளைக் கொப்புளங்கள் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அவை நாடாப்புழுவின் கூடுகளாக இருக்கக்கூடும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பார்த்து அனுமதித்த இறைச்சியைத்தான் விற்கிறார்களா என்று கேட்டு வாங்குவதில் வெட்கப்பட எதுவும் இல்லை. 2024ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இலங்கையின் பண்ணைகளில் பரவியபோது பலர் பன்றி இறைச்சியையே ஒதுக்கினார்கள். அந்த நோய் மனிதருக்குத் தொற்றுவதில்லை. ஆனாலும் நோயுற்ற விலங்கின் இறைச்சி யாருடைய சட்டிக்கும் வரக்கூடாது. அதனால்தான் மலிவாகக் கிடைக்கிறதே என்று எங்கிருந்து வந்தது என்று தெரியாத இறைச்சியை வாங்க வேண்டாம் என்கிறேன்.

வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் உறவினர் உள்ளவர்களுக்குக் காட்டுப்பன்றி இறைச்சி வந்துசேர்வது உண்டு. அதை இந்த முறையில் செய்யாதீர்கள். அதில் கொழுப்பு மிகக் குறைவு. ஒட்டுண்ணி ஆபத்தும் கூட. அதற்குக் குழம்புதான் சரி, நன்றாக வெந்த குழம்பு.

எங்கள் வெயிலில் இறைச்சியை மோட்டார் சைக்கிளில் தொங்கவிட்டு ஊர் சுற்றக்கூடாது. மீனுக்கு ஐஸ் விற்கும் இடத்தில் ஒரு கட்டி வாங்கி, இறைச்சிப் பையோடு இன்னொரு பையில் போட்டுக்கொண்டு நேரே வீட்டுக்கு வாருங்கள்.

முதல் நாள் இரவு

இறைச்சியைக் கழுவாதீர்கள், கழுவினால் கிருமிகள் தொட்டியெங்கும் தெறிக்கும். சுத்தமான துணியாலோ கடதாசியாலோ ஒற்றி எடுத்தால் போதும். அரைமணி நேரம் உறைபெட்டியில் வைத்து எடுத்தால் கொழுப்பு இறுகி, கத்திக்கு வழுக்காது. பிறகு நாலு சென்ரிமீற்றர் சதுரங்களாக வெட்டுங்கள். கண்ணுக்கு இது பெரிதாகத் தெரியும். வெந்து முடிய ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சுருங்கிவிடும் என்பதை மனதில் வைத்துக்கொண்டு, சிறிதாக்க வேண்டும் என்ற ஆசையை அடக்குங்கள். அதைவிட முக்கியம் எல்லாத் துண்டும் ஒரே அளவில் இருப்பது. சின்னத் துண்டு காய்கிற நேரத்தில் பெரிய துண்டு வேகாமல் நிற்கும்.

ஒரு கிலோவுக்கு மசாலா இது:

தூள் உப்பு, 2 தேக்கரண்டி, தலைதட்டி
விதை நீக்கி அரைத்த செத்தல் மிளகாய், 1 மேசைக்கரண்டி
மிளகுத்தூள், 2 தேக்கரண்டி
வறுத்து இடித்த நற்சீரகம், 1 தேக்கரண்டி
மல்லித்தூள், 1 தேக்கரண்டி
கடுகு, இடித்தது, 1 தேக்கரண்டி
சிவப்புச் சீனி, 1 மேசைக்கரண்டி

பார்பிகியூ குறிப்புகளில் பப்ரிக்கா என்ற மிளகாய்த்தூளைக் காணலாம். நிறம் கூடி, உறைப்பு இல்லாத தூள் அது. பெரிய கடைகளில் கிடைத்தால் வாங்கலாம். கிடைக்காவிட்டால் நீளமான செத்தல் மிளகாயைக் கிள்ளி, விதையையும் உள்நரம்பையும் உதறிவிட்டு, வறுக்காமல் வெயிலில் காயவைத்து அரையுங்கள். நிறம் அருமையாக வரும், உறைப்பு பாதியாகிவிடும். கறித்தூள் போடலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். போடலாம், ஆனால் வீடெங்கும் கறி மணக்கும், பிறகு பார்பிகியூ எங்கே இருக்கிறது? மிளகும் நற்சீரகமும் கடுகுமே இங்கே முன்னால் நிற்கட்டும்.

பச்சை உள்ளியை இந்தக் கட்டத்தில் சேர்க்க வேண்டாம். திறந்த சூட்டில் அது இறைச்சிக்கு முன்னரே கரிந்து கசப்பாகிவிடும். உள்ளிக்குச் சோஸில் இடமிருக்கிறது. சீனியும் இங்கே ஒரு கரண்டிதான். உப்பின் கூர்மையைத் தணிக்க அது போதும்.

தூள்களை எல்லாம் முதலில் தனியே கலந்துவிட்டு, துண்டுகள்மேல் தூவிக் கையால் பிரட்டி, மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் இரவு முழுக்க வையுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் இறைச்சி நீர் விடும், மசாலா சேறு மாதிரித் தெரியும். அந்த நீர் உப்பைக் கரைத்து எடுத்துக்கொண்டு மறுபடி உள்ளே போகும். விடிந்து பார்த்தால் துண்டுகள் உலர்ந்து, கருஞ்சிவப்பாக, மசாலா தோலோடு தோலாக ஒட்டியிருக்கும். நேரமில்லாதவர்கள் இரண்டு மணி நேரமாவது விடுங்கள்.

ஓவனைப் பற்றி

மேசைமேல் வைக்கும் சிறிய மின் ஓவன்களில் சூட்டுக் கம்பி இறைச்சிக்கு மிக அருகில் இருக்கும். தட்டை எப்போதும் கீழ்ப்படியில் வையுங்கள். மேல்கம்பியை மட்டும் தனியே நிறுத்த முடியுமானால் முதல் இரண்டு கட்டங்களிலும் நிறுத்திவிடுங்கள். விசிறி உள்ள ஓவனென்றால் நான் சொல்லும் சூட்டில் 15 முதல் 20 பாகை குறையுங்கள். காஸ் அடுப்போடு கீழே வரும் ஓவன்களில் சூட்டை 140 பாகைக்குக் கீழே இறக்குவது சிரமம். அப்படியானால் கதவிடுக்கில் ஒரு மரக்கரண்டியைச் செருகிச் சமாளிக்காதீர்கள். 150 பாகையில் வைத்து நேரத்தில் அரைமணி குறைத்துக்கொள்ளுங்கள்.

குமிழில் எழுதியிருக்கும் எண்ணை முழுதாக நம்ப வேண்டாம். ஓவனுக்குள் தொங்கவிடும் சிறிய வெப்பமானி ஒன்றை வாங்கிக்கொண்டால் கேக்குக்கும் உதவும். ஓவன் பெருமளவு மின்சாரம் இழுக்கும். அதைச் சுவரில் உள்ள சொருகியில் நேரடியாகப் பொருத்துங்கள். குளிர்சாதனப் பெட்டியும் மின்கேத்தலும் ஏற்கெனவே தொங்கும் நீட்டிப்பு வயரில் மூன்று மணிநேரத்துக்கும் மேலாக ஓவனை ஓடவிடுவது ஆபத்து.

மின்தடை அறிவித்த நாளில் இதைத் தொடங்காதீர்கள். அறிவிக்காமலே மின்சாரம் போனால், ஓவனைத் திறக்காமல் அரைமணி நேரம் காத்திருக்கலாம். அதற்கு மேலும் வராவிட்டால் துண்டுகளை அடி கனமான சட்டிக்கு மாற்றி, அரைக் கோப்பைத் தண்ணீர் ஊற்றி, இறுக்கமாக மூடி, காஸ் அடுப்பில் மிகச் சிறிய தீயில் வையுங்கள். மேற்பரப்பு அவ்வளவு உலராது என்பதைத் தவிர வேறு நட்டமில்லை.

முதல் கட்டம்: திறந்த தட்டு

ஓவனை 135 பாகை செல்சியஸுக்குச் சூடாக்குங்கள். ஆழமான தட்டின் அடியில் அலுமினியத் தாளை விரித்து, ஒரு கோப்பைத் தண்ணீர் ஊற்றுங்கள். அதன்மேல் கேக் ஆறவைக்கும் கம்பித்தட்டை வைத்து, துண்டுகளை ஒன்றையொன்று தொடாமல் அடுக்குங்கள். கொழுப்புப் பக்கம் மேலே இருக்கட்டும். தண்ணீர் எதற்கென்றால், வடியும் கொழுப்பு காய்ந்த தட்டில் விழுந்து புகையாமல் இருக்க. அது வற்றினால் கொஞ்சம் ஊற்றிக்கொள்ளுங்கள்.

இப்படியே இரண்டு மணி நேரம். ஒரு மணி நேரத்தில் ஒருமுறை திறந்து, தட்டைத் திருப்பி வையுங்கள். எல்லா ஓவனிலும் ஒரு மூலை மற்றவற்றைவிடச் சூடாக இருக்கும். அதைவிட அதிகமாகத் திறக்காதீர்கள். ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் சூடு இறங்கி, மறுபடி ஏற நேரமெடுக்கும்.

இந்த இரண்டு மணிநேரத்தில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் பொறுமை தானாக வரும். தோள் இறைச்சியிலும் வயிற்றுப் பகுதியிலும் தசைகளைக் கட்டிப்போடும் கொலாஜன் என்ற நார்ப்பொருள் நிறைய உண்டு. 70 பாகை தாண்டியதும் அது மெதுவாகக் கரைந்து, ஜெலற்றினாக மாறத் தொடங்கும். 90 பாகையை நெருங்கும்போது வேகம் பிடிக்கும். அதனால்தான் துண்டின் உட்சூடு 63 பாகையைத் தொட்டு மூன்று நிமிடம் கடந்தால் உண்பதற்குப் பாதுகாப்பானது என்று சொல்லப்பட்டாலும், நமக்கு அது போதாது. 63 பாகையில் எடுத்த தோள் இறைச்சியை மென்று பாருங்கள், தாடை வலிக்கும். நாம் போக வேண்டிய இடம் 93 பாகை.

இதே நேரத்தில் மேற்பரப்பு உலர்ந்து, மசாலாவும் இறைச்சியின் புரதமும் சேர்ந்து ஒரு மேலோடு உருவாகும். அடிக்கடி தண்ணீர் தெளிப்பதும் சோஸ் பூசுவதும் அதைக் கெடுத்துவிடும். இரண்டு மணி நேரம் கழிந்து பார்க்கும்போது செங்கல் நிறத்தில் இருந்த தூள் காய்ந்த மரப்பட்டை நிறத்துக்குப் போயிருக்கும். கொழுப்பு கண்ணாடி போலத் தெளிந்து, விளிம்புகள் உள்வாங்கியிருக்கும். துண்டை விரலால் தேய்த்தால் தூள் கையில் வரக்கூடாது. வந்தால் இன்னும் கால் மணி நேரம் விடுங்கள்.

சோஸ்

இறைச்சி ஓவனில் இருக்கும்போதே இதைச் செய்துவிடலாம். கடையில் விற்கும் பார்பிகியூ சோஸ் போத்தலை வாங்கலாம்தான். ஆனால் கித்துள் பாணி கிடைக்கிற நாட்டில் இருந்துகொண்டு அதை வாங்க எனக்கு மனம் வருவதில்லை. எருமைத் தயிரோடு நாம் ஊற்றிச் சாப்பிடுகிற அதே பாணிதான். கித்துள் மரத்தின் பூவிலிருந்து இறக்கிய பதநீரை விறகடுப்பில் வைத்து நெடுநேரம் வற்றக் காய்ச்சுவதால், நல்ல கித்துள் பாணியின் முடிவில் மெல்லிய புகைவாசமும் துளி கசப்பும் இருக்கும். ஓவனால் தர முடியாத புகையில் கொஞ்சத்தை இந்தப் பாணி தந்துவிடுகிறது. வெறும் தித்திப்பாக மட்டும் இருந்தால் அதில் சீனிப்பாகு கலந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். நல்லது கிடைக்காத நாளில் பனங்கட்டியைச் சீவிப் போடுங்கள்; சீனிப்பாகுக் கலவையைவிட அது எவ்வளவோ மேல்.

ஒரு மேசைக்கரண்டி பட்டரை உருக்கி, துருவிய சின்ன வெங்காயம் ஆறும், நசுக்கிய உள்ளி ஆறு பல்லும், சிறு துண்டு இஞ்சியும் போட்டு, நிறம் மாறாமல் வதக்குங்கள். ஒரு கோப்பை தக்காளி சோஸ், கால் கோப்பை கித்துள் பாணி, மூன்று மேசைக்கரண்டி தென்னை வினாகிரி, ஒரு மேசைக்கரண்டி சோயா சோஸ், ஒரு தேக்கரண்டி இடித்த செத்தல் மிளகாய், விரல் நீளக் கறுவாப்பட்டை ஒன்று ஆகியவற்றைச் சேர்த்து, சிறு தீயில் 15 நிமிடம் கொதிக்கவிடுங்கள். கரண்டியின் பின்புறத்தில் விரலால் கோடு கிழித்தால் கோடு மூடாமல் நிற்க வேண்டும். உப்புப் போட வேண்டாம். தக்காளி சோஸிலும் சோயாவிலும் இருப்பதே தாராளம்.

புளிப்பு கொஞ்சம் தூக்கலாகவே இருக்கட்டும். கொழுப்பான இறைச்சிக்குப் புளிப்பு இல்லாவிட்டால் மூன்றாவது துண்டில் திகட்டிவிடும். பன்றிக் கறிக்குக் கொறக்காப் புளி போடும் வீடுகளில் வினாகிரியில் ஒரு கரண்டியைக் குறைத்து, ஊறவைத்து அரைத்த கொறக்கா ஒரு தேக்கரண்டி சேர்த்துப் பாருங்கள். நிறம் கறுத்து, சோஸுக்கு ஒரு ஆழம் வரும். எனக்கு அதுதான் பிடிக்கும்.

இரண்டாம் கட்டம்: மூடிய தட்டு

துண்டுகளைக் கம்பியிலிருந்து எடுத்து, சிறிய ஆழமான தட்டில் நெருக்கமாக அடுக்குங்கள். சோஸில் மூன்றில் ஒரு பங்கையும் இரண்டு மேசைக்கரண்டி தண்ணீரையும் ஊற்றிப் பிரட்டி, அலுமினியத் தாளால் விளிம்புகளை இறுக்கி மூடுங்கள். ஆவி வெளியேறக்கூடாது. அதே 135 பாகையில் ஒரு மணி நேரம்.

காற்றில் இறைச்சியின் ஈரம் ஆவியாகிக்கொண்டிருந்தவரை அந்த ஆவியே துண்டைக் குளிரவைத்து, உட்சூடு ஏறாமல் பிடித்து வைத்திருந்தது. மூடியதும் அந்தத் தடை நீங்கி, துண்டுகள் தங்கள் சாற்றிலேயே வேகமாக இளகும். ஒரு மணி நேரம் கழித்துத் தாளின் ஒரு மூலையைத் தூக்குங்கள், உங்கள் பக்கம் அல்ல, எதிர்ப்பக்கம். உள்ளிருக்கும் ஆவி கையைச் சுட்டுவிடும். சுத்தமான தென்னை ஈர்க்கு ஒன்றை எடுத்து நடுத்துண்டில் குத்துங்கள். பட்டரில் இறங்குவது போல இறங்க வேண்டும். நடுவில் எங்காவது தடுத்தால் மூடி இன்னும் 20 நிமிடம் வையுங்கள். இந்தச் சோதனையைத் தாண்டாமல் அடுத்த கட்டத்துக்குப் போகாதீர்கள். கடிகாரம் சொன்னதை ஈர்க்கு மறுத்தால் ஈர்க்கு சொல்வதே சரி.

புகை வேண்டுமானால்

இது விருப்பத்துக்கு உரியது, ஆனால் செய்தால் வித்தியாசம் மூக்குக்குத் தெரியும். ஒரு சிறு துண்டு சிரட்டைக்கரியைக் காஸ் தீயில் இடுக்கியால் பிடித்து, முழுதாகச் செந்தணலாகும்வரை காட்டுங்கள். ஓவனுக்கு வெளியே, தட்டின் நடுவில் துண்டுகளை விலக்கி, சின்ன எவர்சில்வர் கிண்ணம் ஒன்றை வைத்து அதில் தணலைப் போடுங்கள். தட்டில் வடிந்திருக்கும் கொழுப்பில் அரைத் தேக்கரண்டியை அதன்மேல் விட்டவுடன் வெண்புகை எழும். உடனே மூடி, ஐந்து நிமிடம் விடுங்கள். பத்து நிமிடமாக்கினால் புகை கசப்பாகிவிடும். யன்னல்களைத் திறந்துவைத்தே இதைச் செய்யுங்கள். மூடிய அறையில் கரி எரிந்தால் வரும் வாயு உயிரைப் பறிக்கக்கூடியது. ஆகவே ஒரு துண்டுக்கு மேல் எரிக்கவும் வேண்டாம். துண்டுகள் ஈரமாக இருக்கும் இந்த நேரத்தில்தான் புகை நன்றாக ஒட்டும், கடைசிப் பூச்சுக்குப் பிறகு அவ்வளவு ஒட்டாது.

மூன்றாம் கட்டம்: பூச்சு

ஓவனை 190 பாகைக்கு ஏற்றுங்கள். தட்டில் தேங்கியிருக்கும் சாற்றையும் கொழுப்பையும் ஒரு கிண்ணத்தில் வடித்துவிடுங்கள். வடிக்காவிட்டால் பூச்சு இறைச்சியில் ஒட்டாமல் வழுக்கிக்கொண்டே இருக்கும். மீதமுள்ள சோஸில் பாதியை ஊற்றி, துண்டுகள் உடையாமல் தட்டையான கரண்டியால் மெல்லப் பிரட்டி, மூடாமல் ஓவனில் வையுங்கள். ஐந்தாறு நிமிடம் கழித்து எடுத்து, எஞ்சிய சோஸையும் பூசி, மறுபடி ஐந்தாறு நிமிடம்.

இந்தப் பத்துப் பன்னிரண்டு நிமிடமும் ஓவனை விட்டு நகராதீர்கள். கதவுக் கண்ணாடி வழியே பாருங்கள். முதலில் சோஸில் சிறு சிறு நுரைகள் வேகமாக வெடிக்கும். அது தண்ணீர் போகும் நேரம். பிறகு நுரைகள் பெரிதாகி, சோம்பலாக எழுந்து, மெதுவாக உடையும். விளிம்புகளில் கறுப்புப் புள்ளிகள் தொடங்கும். அந்தப் புள்ளிகள் தென்பட்டவுடன் எடுத்துவிடுங்கள். அதற்கு மேல் இரண்டு நிமிடம் விட்டாலும் பாணி கரியும். கரிந்ததைத் திருத்த வழியில்லை.

பத்து நிமிடம் ஆறவிட்டு உண்ணுங்கள். சூட்டோடு வாயில் போட்டால் சீனிப்பூச்சு நாக்கைப் பொசுக்கிவிடும். ஆறும்போது பூச்சும் இறுகி மினுமினுக்கும்.

பரிமாறலும் மிச்சமும்

மெல்லியதாக அரிந்த வெங்காயத்தில் உப்பும் தேசிக்காய்ச் சாறும் பிசைந்து பக்கத்தில் வைத்தால் போதும், வேறு ஆடம்பரம் தேவையில்லை. வீட்டில் அச்சாறு இருந்தால் இன்னும் நல்லது. சுடச்சுடப் பாணை இரண்டாகப் பிய்த்து நடுவில் வைத்தும் சாப்பிடலாம். அவித்த மரவள்ளிக்கிழங்கோடு இது மிக நன்றாகச் சேரும்; சோற்றோடு அவ்வளவாகச் சேராது, குழம்பில்லாமல் வறண்டு நிற்கும்.

வடித்து வைத்த கொழுப்பை எறியாதீர்கள், குசினித் தொட்டியிலும் ஊற்றாதீர்கள். ஆறினால் அது குழாய்க்குள் கட்டியாகி அடைத்துக்கொள்ளும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் மேலே வெள்ளையாகக் கொழுப்பும் அடியில் கூழாகச் சாறும் பிரிந்து நிற்கும். கொழுப்பில் உருளைக்கிழங்கை வதக்கலாம், சாற்றை அடுத்த பன்றிக் கறியில் சேர்க்கலாம். கொழுப்பை ஒரு வாரத்துக்குள்ளும் சாற்றை மூன்று நாளுக்குள்ளும் முடித்துவிடுங்கள்.

சமைத்த துண்டுகளை மேசையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது. சித்திரை வெயிலில் ஒரு மணி நேரமே அதிகம். மூடிய பாத்திரத்தில் குளிர்சாதனப் பெட்டியில் மூன்று நாள் நிற்கும், உறைபெட்டியில் இரண்டு மாதம். விருந்துக்குச் செய்கிறவர்கள் இரண்டாம் கட்டம்வரை முதல் நாளே முடித்து, ஆறவிட்டுக் குளிரில் வைத்துவிடலாம். மறுநாள் மேலே உறைந்த கொழுப்பை வழித்தெடுத்து, மூடியபடியே 150 பாகையில் 25 நிமிடம் சூடாக்கி, உள்ளேயும் கொதிசூடு ஏறியதும் பூச்சைத் தொடங்குங்கள். கொழுப்பை வழித்தெடுப்பது இப்படிச் செய்யும்போது சுலபம் என்பதால், வயிற்றுப் பகுதியை வாங்கியவர்களுக்கு இந்த இரண்டு நாள் முறையே மேலானது.